வாசிக்கத் திணறும் பிள்ளை: ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

"இலை" என்று சொன்னால் ஒரு பிள்ளை "எலை" என்று எழுதுகிறது. பக்கத்துப் பிள்ளை "தொட்டி"யைத் "தெட்டி" ஆக்குகிறது. மூன்றாவது பிள்ளை "பன்து" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு வட்டம், கீழே "பத்து முறை எழுதுக". ஆனால் மூன்றும் வேறு வேறு சிக்கல்கள். முதல் பிள்ளைக்குக் காது நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. இரண்டாவதற்கு ஒலி தெரியும். கொம்பு போட்ட பிறகு வலப்பக்கம் காலும் போட வேண்டும் என்பது கைக்கு இன்னும் வரவில்லை. மூன்றாவதற்குக் காது உதவாத இடத்தில் ஒரு விதி தேவைப்பட்டது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. பத்து முறை எழுதினால் மூன்று பேருக்கும் விரல் வலிக்கும், அவ்வளவுதான்.

2022 முதல் "எண்ணும் எழுத்தும்" என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் நடக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பிரிப்பு சொல்லும். ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அரும்பில் இருக்கும் எட்டுப் பேருக்கு எட்டுக் காரணங்கள் இருக்கலாம். அதனால் இங்கே எல்லாமே பிள்ளை செய்யும் தவறிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர் காதில் விழாத மூலையில் உட்கார வையுங்கள். 20 மின்னட்டைகள் (ஓர் எழுத்து எழுதிய அட்டைகள்), ஒரு சிலேட்டு, பாடநூலில் இல்லாத நான்கு வரிப் பத்தி ஒன்று, இவை போதும். எழுத்துகளை அட்டவணை வரிசையில் காட்டாதீர்கள்; சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிட்டுக் காட்டுங்கள். அடுத்து, பொருளே இல்லாத மூன்று சொற்கள்: "டமம்", "பாகிமு", "தெரோடு". இவற்றை மனப்பாடத்திலிருந்து எடுக்க முடியாது, படத்தைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. இவற்றைப் படித்துவிடும் பிள்ளை எழுத்தைத்தான் படிக்கிறது என்று நம்பலாம்.

கடைசியாக ஆறு சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள்: படம், பாட்டி, தொட்டி, இலை, பந்து, நாற்காலி. ஒவ்வொன்றும் ஒரு பூட்டுக்கான சாவி. "படம்" அடிப்படை எழுத்தையும் இறுதி ஒற்றையும் பார்க்கிறது. "பாட்டி" நெடிலையும் இரட்டிப்பையும் பார்க்கிறது. "தொட்டி" கொம்பும் காலும் சேர்ந்து வருவதைப் பார்க்கிறது. "இலை" பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும். "பந்து" மெல்லினத்துக்கு. "நாற்காலி" எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கும்: "நாக்காலி" என்று எழுதினால் பேச்சு வழக்கு, "நார்காலி" என்றால் ர, ற விதி தெரியவில்லை, "நற்கலி" என்றால் கால் விழுகிறது.

மதிப்பெண் போட வேண்டாம். பிள்ளை எழுதியதை எழுதியபடியே, தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "ஆறில் இரண்டு" என்று குறித்தால் ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்து ஒன்றும் புரியாது. "நாக்காலி" என்று குறித்திருந்தால் புரியும்.

வரிசையாக ஒப்பிக்கிறது, தனியாகக் காட்டினால் தெரியவில்லை

"எ"யைக் காட்டினால் பிள்ளை உதட்டுக்குள் "அ, ஆ, இ, ஈ..." என்று ஓடி வந்து "எ"யில் நிற்கும். அதற்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து இன்னும் தெரியாது. அட்டவணையை இன்னும் நூறு முறை சொல்ல வைத்தால் பாட்டுதான் உறுதிப்படும்.

247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையையும் நம்மையும் மிரட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216-ம் அந்தப் பதினெட்டும் பன்னிரண்டும் பெருக்கி வந்தவை. எளிய கோடுகளும் அதிகப் பயன்பாடும் உள்ள எழுத்துகளில் தொடங்குங்கள். ட, ப, ம மூன்றும் புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். முதல் வாரத்திலேயே பிள்ளை சொல் படித்துவிடுகிறது. அடுத்த வாரம் க, ர: மரம், கட்டம், பக்கம், கரகம். அதற்கடுத்து கால்: பாடம், மாடம், காகம், பாரம், மாமா. வாரத்துக்கு 3 அல்லது 4 புதிய எழுத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நாளும் பழைய அட்டைகளோடு புதியதைக் கலந்து ஐந்து நிமிடம் காட்டுங்கள். பிள்ளை யோசித்து நிற்கும் அட்டையைத் தனியே ஒதுக்கி, அன்றைக்கே மூன்று முறை வேறு வேறு நேரத்தில் காட்டுங்கள்.

ங, ஞ இரண்டையும் தனி எழுத்தாக முதலில் கற்பிப்பதில் பயன் குறைவு. "சங்கு", "மஞ்சள்" என்று சொல்லோடு வரட்டும். ஙௌ வரை முழு வரிசையும் எழுதச் சொல்லும் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிடலாம். ஙௌ எழுதத் தெரியாததால் எந்தச் சொல்லையும் படிக்க முடியாமல் போன பிள்ளை இல்லை.

எழுத்து எல்லாம் தெரிகிறது, சேர்த்துச் சொல்லாக்க வரவில்லை

வகுப்பறையில் மிக அதிகமாகப் பார்க்கும் சிக்கல் இது. பெரும்பாலும் நாமே உண்டாக்கியது. "மரம்" என்ற சொல்லைப் பிள்ளை "ம... ர... இம்" என்று படிக்கிறது. மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "மரஇம்" தான் வரும், "மரம்" வராது. மெய்யைத் தனியாக உச்சரிக்க முடியாது என்பதால் "இக், இங், இச்" என்று இகரம் சேர்த்துச் சொல்லித்தருகிறோம். அது எழுத்தின் பெயர், ஒலி அல்ல. பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு தானாகத் தெரியும். ஐந்து வயதுக்குத் தெரியாது. "பானா, டானா, இம்மன்னா, படம்" என்று பழைய முறையில் வீட்டில் சொல்லித்தந்தாலும் இதே கதைதான்.

சரிசெய்ய வேண்டியது படிக்கும் அலகை. தமிழில் புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது. முன்னால் இருக்கும் எழுத்தின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் போகும். "மரம்" என்பது ம, ரம். "பட்டம்" என்பது பட், டம். "நாற்காலி" என்பது நாற், கா, லி. இதைப் பிள்ளைக்கு மூன்று படியாகத் தாருங்கள்.

முதல் படியில் எழுத்தே வேண்டாம், காது மட்டும். நீங்கள் "மா... டு" என்று ஒரு நொடி இடைவெளி விட்டுச் சொல்லுங்கள்; பிள்ளை "மாடு" என்று சேர்க்கட்டும். "பட்... டம்", "பூ... னை", "தக்... கா... ளி". ஒரு நாளைக்குப் பத்துச் சொல், மூன்று நிமிடம். பிறகு திருப்பிப் போடுங்கள்: நீங்கள் "தக்காளி" என்றால் பிள்ளை மூன்று முறை கைதட்ட வேண்டும், நான்கு முறை அல்ல. காதில் சேர்க்க வராத பிள்ளைக்குக் கண்ணால் சேர்க்க வரவே வராது; இந்தப் படி தேறும்வரை அட்டையை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படியில் புள்ளி வைத்த எழுத்தை முன்னெழுத்தோடு ஒரே அட்டையில் எழுதுங்கள்: கம், டம், பம், ரம், பட், கட், மட், கண், மண், விண், கல், பல், வில். பிள்ளை ஓர் அட்டையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். 20 அட்டை சரளமான பிறகு மூன்றாம் படி: இரண்டு அட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, "பட்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை "டம்" அட்டையை நகர்த்தி ஒட்ட வைக்கட்டும். முதல் அட்டையின் ஒலி முடிவதற்குள் இரண்டாவது வந்து சேர வேண்டும். மூச்சை விட்டுவிட்டுத் தொடங்கினால் மீண்டும் துண்டுதான்.

இரட்டிப்பு விழுகிற பிள்ளையும் இந்த வகையே. "பாட்டி"யைப் "பாடி" என்றும் "பட்டு"வைப் "படு" என்றும் எழுதும். இங்கே காது நமக்குத் துணை நிற்கிறது. "படு"வில் ட மெலிந்து ஒலிக்கும், "பட்டு"வில் வலிந்து ஒலிக்கும். எடு, எட்டு, கடி, கட்டி, பாடி, பாட்டி, பலி, பல்லி என்று ஜோடியாகச் சொல்லி, இரட்டிப்பு வரும் சொல்லுக்கு மட்டும் பிள்ளை மேசையைத் தட்டட்டும். எழுத்து அதற்குப் பிறகு.

கொம்பும் காலும் வந்தால் குழம்புகிறது

கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஒலி அப்படிப் போவதில்லை. "தெ"யில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, ஆனால் முதலில் ஒலிப்பது த. "தொ"வில் அந்த எகரக் கொம்பே வலப்பக்கக் காலோடு சேர்ந்து ஒகரம் ஆகிவிடுகிறது. பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பிள்ளைக்கு இது பெரிய வளைவு.

"கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார், அதற்கும் அந்தப் பக்கம் கால் இருக்கிறதா பார், பிறகு சொல்." இதை வகுப்பில் ஒரு விளையாட்டாகவே பழக்கலாம். கரும்பலகையில் எழுத்தை வெள்ளையிலும் கொம்பையும் காலையும் மஞ்சள் சாக்பீஸிலும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடுங்கள்; நிறத்தை நிரந்தரமாக்கினால் பிள்ளை நிறத்தைத்தான் படிக்கும். அட்டையில் செய்ய: நடுவில் "த" அட்டை, இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றையும் மாற்றி மாற்றி வையுங்கள், வலப்பக்கம் காலை வைத்தும் எடுத்தும் காட்டுங்கள். தெ, தே, தை, தொ, தோ ஐந்தும் ஒரே எழுத்தைச் சுற்றி நடப்பதைப் பிள்ளை கையால் செய்து பார்க்க வேண்டும். சொற்கள்: தெரு, தேர், தை, தொடு, தோடு.

குறில், நெடில் குழப்பம் இதன் அண்ணன். எடு, ஏடு, பெட்டி, பேட்டி, கொடி, கோடி, தொடு, தோடு. குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்குக் கையை நீட்டி இரண்டு சொடுக்கு நேரம். படிக்கும்போது சரியாகச் சொல்லி எழுதும்போது மட்டும் விட்டால், காதில் கோளாறு இல்லை, கையில்தான்.

ர எழுத்தும் காலும் ஒரே மாதிரி இருப்பதால் வருவது தனித் தொல்லை. "பாரம்" எழுதச் சொன்னால் இரண்டும் ஒரே கோடாக நிற்கும். பிள்ளையே திரும்பப் படிக்கும்போது தடுமாறும். ர-வுக்கு அடியில் சாய்ந்த கீற்று உண்டு, காலுக்கு இல்லை. முதல் நாளிலிருந்தே கரும்பலகையில் நீங்கள் அந்தக் கீற்றை விடாமல் போட்டால் பாதிச் சிக்கல் வராது.

உகர, ஊகார வரிசையை அட்டவணைப்படி கற்பித்தால் 36 தனி உருவங்களாகத் தெரியும். உண்மையில் உகரத்துக்கு மூன்று குடும்பங்கள்தான். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து கீழே சுற்றிக்கொள்பவை. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே ஒரு கோடு இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் வலப்பக்கம் ஒரு வால் ஏறுபவை. இந்த ஏழுக்கும் ஊகாரம் எழுத ஒரு கால் சேர்த்தால் போதும்: தூ, நூ, லூ. கூவும் சூவும் மட்டும் தம் குடும்பத்தோடு ஒட்டாதவை. அவற்றைக் கூடை, சூரியன் என்று சொல்லோடு பழக்குங்கள். குடும்பத்துக்கு ஒரு வாரம், ஊகாரத்துக்கு ஒரு வாரம் என்று ஒரு மாதத்தில் முடியும்.

பிள்ளை திடீரென்று லை, ளை, ணை, னை எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டு எழுதினால், அல்லது ணா, றா, னாவுக்குச் சுழி போட்டால், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ சொல்லித்தருகிறார்கள் என்று பொருள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அவைதான் சரியான வடிவங்கள். தவறு என்று அடிக்காமல், "இது பழைய வீட்டு எழுத்து, நாம் பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதுவோம்" என்று சொன்னால் போதும்.

பேசுவது போலவே எழுதுகிறது

எலை, எடம், வெரல், நெலம், கொடம், ஒடம்பு, பொகை, கொழந்தை. இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், பேச்சில் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கிவிடுகின்றன. புலி, கிளி, குடி, இடுப்பு போன்றவற்றில் இறங்குவதில்லை. எனவே "எலை" என்று எழுதிய பிள்ளை "எலி"யையும் "இடி"யையும் சரியாகவே எழுதும். இது கவனக்குறைவாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது.

இதே பிள்ளை பல்லு, கண்ணு, பாலு என்று எழுதும். பேச்சில் தனி ஒற்றில் நிற்காமல் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். "மரம்", "அவன்" இரண்டிலும் இறுதி ஒற்று மூக்கில் கரைந்துவிடுவதால் "மர", "அவ" என்று நிறுத்தும். "வருகிறது" அதற்கு "வருது".

இங்கே "சரியாகக் கேட்டு எழுது" என்று சொல்வதுதான் மிகப் பெரிய தவறு. பிள்ளை சரியாகக் கேட்டதால்தான் இப்படி எழுதியது. "உன் பேச்சு தப்பு" என்று சொன்னால் நாளை முதல் வகுப்பில் பேசாது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஒரு வாய், வலப்பக்கம் ஒரு புத்தகம் வரையுங்கள். வாய்க்குக் கீழே "எலை", புத்தகத்துக்குக் கீழே "இலை". பிள்ளைகளே வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்து நிரப்பட்டும். இடப்பக்கத்தைப் பிள்ளை வாயால் சொன்னால் போதும், எழுத வேண்டாம். கையால் எழுதுவது வலப்பக்கம் மட்டும். நாளுக்கு நான்கு சொல்.

இதைவிட முக்கியமானது, பிள்ளையின் காதில் புத்தகத் தமிழ் விழ வேண்டும். தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை அதில் உள்ளபடியே, பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல், நடிப்போடு வாசித்துக் காட்டுங்கள். "வந்தான்" என்று அச்சில் இருப்பதை "வந்தா" என்று நாமே வாசித்துவிட்டுப் பிள்ளையிடம் ன் எதிர்பார்க்க முடியாது. சொல்வதை எழுதும் பயிற்சியிலும் அப்படியே: ஆசிரியர் "எலை" என்று ஒலித்துவிட்டு "இலை" எதிர்பார்ப்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. கைபேசியில் உங்கள் குரலை ஒரு முறை பதிந்து கேட்டுப் பாருங்கள்.

ந, ன, ண, ல, ள, ழ, ர, ற

ந, ன, ண ஒரு குழு; ல, ள, ழ ஒரு குழு; ர, ற ஒரு குழு. சிக்கல் ஒன்று போலத் தோன்றினாலும் மருந்து வேறு.

ந-வும் ன-வும் இன்று பெரும்பாலோர் காதுக்கு ஒன்றே. அதனால் கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள். சொல்லின் தொடக்கத்தில் எப்போதும் ந. நடுவில் த-வுக்கு முன்னால் ந். மற்ற இடங்களில் ன. செந்நிறம் போன்ற சில சொற்கள் மேல்வகுப்பில் வந்துகொள்ளட்டும். மெல்லினம் எல்லாவற்றுக்கும் ஜோடி உண்டு: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. இந்த ஆறு படங்களையும் ஒரு தாளில் வரைந்து சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். "பன்து" எழுதிய பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளைக் காட்டினால் போதும், தானே திருத்தும்.

ன்-க்குப் பின்னால் ர வராது, ற-தான் வரும் என்பதால் ர, ற சிக்கலில் ஒரு பகுதி இதிலேயே தீர்கிறது. இன்னொன்று: ற் வந்தால் அதையடுத்து இன்னோர் ஒற்று வராது. நாற்காலி, காற்று, முயற்சி. ர்-க்கு அந்தத் தடை இல்லை: பார்க்க, சேர்த்து. இது இரண்டாம் வகுப்பின் பின்பாதிக்கு உரியது. அதற்கு முன் சொன்னால் தலைசுற்றும்.

ல, ள, ழ மூன்றுக்கும் இட விதி கிடையாது. நாக்குத்தான் துணை. ல-வுக்கு நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு வளையும், தொடாது. தெற்கே பல ஊர்களில் ழ இல்லாமல் "பளம்" என்பார்கள், சென்னைப் பக்கம் "பயம்" என்பதும் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைக்கு ழ ஒரு புது ஒலி. ஒலி வருவதற்குள் எழுத்தைக் கேட்காதீர்கள். மூன்றையும் ஒரே நாளில் எதிரெதிரே நிறுத்துவதும் வேண்டாம். முதலில் ல சொற்கள் மட்டும் நன்றாகப் பழகட்டும், இரண்டு வாரம் கழித்து ள, பிறகு ழ. வால், வாள், வாழ் என்று ஒப்பிடுவது மூன்றும் தனித்தனியே நின்ற பிறகுதான். உருவத்தில் நெருங்கிய ண, ன இரண்டுக்கும் இதே இடைவெளி பொருந்தும்.

"சரியான சொல்லைத் தேர்ந்தெடு: பழம், பளம், பலம்" என்ற வகைப் பயிற்சித்தாள்களை முதல் இரண்டு வகுப்புகளில் தவிர்ப்பதே நல்லது. புதிதாகப் படிக்கும் கண் பார்த்ததையெல்லாம் பதித்துக்கொள்கிறது, தவறான வடிவம் உட்பட.

தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை "பகல்" என்பதில் வரும் மெல்லிய ஒலிக்கு வேறு எழுத்துத் தேடும். தமிழில் இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. கல், பகல், பக்கம், பங்கு நான்கிலும் ஒரே க. தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மை. இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மென்மை. நான்கு சொல்லையும் கரும்பலகையின் மூலையில் ஒரு வாரம் விட்டுவைத்தால் பழகிவிடும்.

கை ஒத்துழைக்கவில்லை

எழுத்து கோணுவது, கோட்டுக்கு மேலே பறப்பது, பென்சில் தாளைக் கிழிப்பது. எழுதி முடித்த தாளைப் பார்த்தால் காரணம் தெரியாது. எழுதும்போது கையைப் பாருங்கள். பென்சிலை முட்டியாகப் பிடிக்கும் பிள்ளைக்கு 3 செ.மீ. நீளத் துண்டுப் பலப்பம் அல்லது மெழுகு வண்ணக்குச்சி கொடுங்கள். அவ்வளவு சிறியதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் மணலில் அல்லது தரையில் ஒரு முழ உயரத்துக்கு எழுத்து, பிறகு கீழ்மட்டக் கரும்பலகை, பிறகு சிலேட்டு, கடைசியில் இரட்டைக்கோடு நோட்டு. நோட்டுக்கு அவசரப்பட்டால் உருவமும் அளவும் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும். ஒரு மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் எழுத வைக்காதீர்கள். பக்கம் நிறைய எழுதினால் முதல் வரிதான் நன்றாக இருக்கும், கடைசி வரியில் பிள்ளை தன் தவறையே பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.

இடக்கைப் பிள்ளையை மாற்ற முயல வேண்டாம். பெஞ்சின் இட ஓரத்தில் உட்கார வைத்து, தாளின் மேல்முனை வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். எழுதியது அதன் கையாலேயே மறைவதும் அழிவதும் குறையும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடுவது ஏழு வயதுவரை சாதாரணம். தொடங்கும் புள்ளியை மட்டும் ஒரு பொட்டு வைத்துக் காட்டுங்கள்.

பாடநூலைக் கடகடவென்று படிக்கிறது, வேறெதையும் படிக்கவில்லை

பாடத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அல்லது நடுவில் ஒரு சொல்லைச் சுட்டுங்கள். பிள்ளை முதல் வரிக்கு ஓடினால் மனப்பாடம். பாடத்தின் சொற்களையே எடுத்துப் புதிய வாக்கியங்கள் எழுதிப் படிக்க வையுங்கள். சொற்களை அட்டையாக வெட்டிக் கலைத்துப் போடுங்கள். வகுப்பே ஒன்றாகக் கோரஸ் பாடுவதைக் குறைத்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும். கோரஸில் எட்டுப் பேர் படிக்கிறார்கள், இருபது பேர் உதடு அசைக்கிறார்கள்.

படிக்கிறது, ஆனால் என்ன படித்தது என்று தெரியவில்லை

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. இதைப் புரிதல் குறைவு என்று முடிவு கட்டுமுன், அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் புரிதல் நன்றாக இருக்கிறது, வேகம்தான் இல்லை.

வேகத்துக்கு மருந்து புதுப் பத்திகள் அல்ல, ஒரே பத்தி. நான்கு வரியை முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. மறுநாள் இன்னொரு முறை. மூன்றாம் நாள் மாற்றுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதையும் மறக்கக் கூடாது. "மரத்திலிருந்து" ஒரே சொல், அதற்குள் மரமும் இடமும் நகர்வும் இருக்கின்றன. எழுத்தெழுத்தாகப் போகும் பிள்ளைக்கு இது எட்டுப் படி. மரத்தில்/இருந்து, பள்ளிக்/கூடத்துக்கு, பிள்ளை/களை என்று பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கொடுங்கள். இல், உக்கு, ஐ, கள், ஓடு, இருந்து என்ற ஆறு வால்களையும் தனி அட்டையில் எழுதி, ஒரு சொல்லுக்கு ஒவ்வொன்றாக மாட்டிப் படிக்க வையுங்கள்: வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீடுகள். வாலைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டால் நீளச் சொல்லின் பாதி இலவசமாகக் கிடைத்துவிடும். கோட்டை ஒரு மாதத்தில் அழித்துவிடுங்கள்.

எட்டு வாரம் ஆகியும் நகரவில்லை

முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். அடுத்து கண்: பலகையைப் பார்க்கும்போது இடுக்குகிறதா, பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறதா. காது: பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று "பல்", "பால்", "கல்", "கால்" என்று மெல்லச் சொல்லித் திரும்பச் சொல்ல வையுங்கள். இது மருத்துவச் சோதனை அல்ல. சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டவும், வரும்வரை முதல் வரிசையில் உட்கார வைக்கவும். சளி நாளில் கேட்டதை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு வாரம் விட்டு மீண்டும் பாருங்கள்.

கண், காது, வருகை மூன்றும் சரியாக இருந்து, வீட்டு மொழியும் தமிழாகவே இருந்து, காதால் சேர்க்கும் முதல் படியே தேறவில்லை என்றால் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" எனப்படும் நிலையாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஓர் இயலாமையாக ஏற்கிறது. பெயர் சூட்டுவது நம் வேலை அல்ல. பெற்றோரிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவும் வேண்டாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழையுங்கள். அவர் வரும் நாளில், முதல் நாள் எழுதிய ஆறு சொல், நான்காம் வாரம் எழுதிய அதே ஆறு சொல், எட்டாம் வாரம் எழுதியது மூன்றையும் எடுத்து வையுங்கள். மதிப்பெண் பட்டியலை அவர் கேட்க மாட்டார்.